எந்தக் கை நெருப்பில் இருக்கிறது? பழைய இத்தாலியச் செப்புத்தகட்டு ஓவியங்களில் ரோமக் கதைகளைப் படிக்கும் முறை

போன மாதம் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழைய செப்புத்தகட்டு ஓவியம். பின்னால் கூடாரம், உயர்ந்த இருக்கையில் ஓர் அரசன், அவன் காலடியில் ஒரு பிணம். நடுவில் ஒருவன் எரிகிற நெருப்புக்குள் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறான். “யார் இந்த ஆள்? சத்தியம் செய்கிறானா?” என்று கேட்டிருந்தாள். நான் திருப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “எந்தக் கை?”

ஏன் அப்படிக் கேட்டேன் என்பது நான்காவது படியில் வரும். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்போம். அதில் ஒன்றும் கிடைக்காது. ரோமானிய வீரர்கள் எல்லாருக்கும் ஒரே மூக்கு, தேவதைகள் எல்லாருக்கும் ஒரே கன்னம். தகவல் இருப்பது இரண்டு இடங்களில்: படத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளில், அப்புறம் பாத்திரங்களின் கைகளில். லத்தீனோ இத்தாலியனோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1. ஓரம் வெட்டாத படத்தை எடுங்கள்

இணையத்தில் சுற்றும் பெரும்பாலான படங்களில் யாரோ அடிப்பகுதியை அழகாக வெட்டியிருப்பார்கள். அவை வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் இரண்டும் பழைய அச்சோவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. மெட்ரோபாலிட்டனில் 2017 முதல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முதல் படமாக மார்க்கந்தோனியோ ரைமோந்தி செதுக்கிய ‘பாரிஸின் தீர்ப்பு’ என்பதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது படியில் வேண்டும்.

படம் வந்ததும் அதைச் சுற்றிலும் ஒரு செவ்வகப் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரத்தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளையில் கொடுத்து அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதியும். அந்தத் தடம் உள்ளே இருந்தால் ஓவியம் முழுசாக இருக்கிறது. தாளை இறுக்க வெட்டியிருந்தால் தடமும் போயிருக்கும், சில சமயம் அடிவரியும் சேர்ந்து போயிருக்கும்.

2. அடிவரியைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். ஆரம்பத்தில் நானும் இங்கே நன்றாக ஏமாந்தேன். ஒரு படத்தின் அடியில் பெயரும் பக்கத்தில் ‘ஸ்கல்ப்.’ என்ற சொல்லும் இருந்தது. சிலை செய்தவர் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, இல்லாத சிலையை ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.

‘ஸ்கல்ப்ஸித்’ என்றால் இங்கே தகட்டில் செதுக்கியவர். ‘இன்சிதித்’ என்றாலும் அவரே. ‘இன்வெனித்’ என்றால் காட்சியைக் கற்பனை செய்தவர், பெரும்பாலும் ஒரு பெரிய ஓவியர். ‘பின்க்ஸித்’ என்றால் மூல ஓவியத்தை வண்ணத்தில் தீட்டியவர். ‘தெலினேயாவித்’ என்றால் அதைக் கோட்டோவியமாக வரைந்து கொடுத்தவர். ‘எக்ஸ்கூதித்’ அல்லது ‘ஃபோர்மிஸ்’ என்று வந்தால் அவர் பதிப்பாளர், அதாவது தகட்டின் முதலாளி. ‘ஃபேசித்’ என்றால் செய்தவர், அவ்வளவுதான். பெரும்பாலும் இவை மூன்று நான்கு எழுத்தோடு நின்று ஒரு புள்ளியில் முடியும்.

ஆக, ஒரு படத்துக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம். ரஃபாயேல் காட்சியை யோசித்தார், மார்க்கந்தோனியோ செதுக்கினார், வேறொருவர் விற்றார். இதை ரஃபாயேலின் ஓவியம் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

அடியில் ‘கும் ப்ரிவிலேஜியோ’ என்று இருந்தால் அது அந்தக் காலத்துக் காப்புரிமை. மந்துவா ஊரைச் சேர்ந்த தியானா என்ற பெண் செதுக்குநர் 1575-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரியிடம் அப்படி ஒரு உரிமை வாங்கினார். மந்துவாவின் தே அரண்மனைச் சுவரில் ஜூலியோ ரொமானோ தீட்டிய குபிட், சைக்கி கல்யாண விருந்தை அதே ஆண்டில் அவர் மூன்று தகடுகளில் செதுக்கி வெளியிட்டார்.

ஆண்டு பெரும்பாலும் ரோமன் எண்ணில் இருக்கும். எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது. எம் டி எக்ஸ் வி என்றால் 1515. லத்தீன் சொற்களில் யு வர வேண்டிய இடத்தில் வி இருந்தால் அதை எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம், அப்போது அப்படித்தான் செதுக்கினார்கள்.

3. கோடு உளியா, அமிலமா?

படத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒரே ஒரு கோட்டை மட்டும் பாருங்கள். மெல்லிதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசிமுனையாக முடிந்தால் அது உளியால் தள்ளிச் செதுக்கியது, அதாவது என்கிரேவிங். கோடு ஒரே தடிமனில் போய் முனை மழுங்கி நின்றால் அது எட்சிங். எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகு பூசி, அதன் மேல் ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பேனாவால் கிறுக்குவது போல் கை தாராளமாக ஓடும். இத்தாலியனில் இதற்கு ‘அக்குவாஃபோர்த்தே’ என்று பெயர், வலுவான தண்ணீர் என்று பொருள். 1756-இல் ரோமின் இடிபாடுகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரானேசியின் கைவேலை இந்த வகை. நிறையத் தகடுகளில் இரண்டும் கலந்திருக்கும், அதனால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கோடே இல்லாமல் எல்லாம் ஒரே சீரான புள்ளி வலையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நம் காலத்து அச்சு. சந்தையில் யாராவது பழையது என்று விலை சொன்னால் ஒரு பூதக்கண்ணாடி போதும்.

4. இடம் வலம் மாறியிருக்கிறதா?

இப்போது அந்தக் கைக்கு வருவோம்.

தகட்டில் செதுக்கியது தாளில் விழும்போது கண்ணாடியில் பார்ப்பது போல் இடம் வலமாகிவிடும். இது எல்லாச் செதுக்குநருக்கும் தெரியும். எழுத்துகளை மட்டும் அவர்கள் கவனமாக இடம் வலம் மாற்றிச் செதுக்குவார்கள், தாளில் அவை நேராக வரும். காட்சியைத் திருப்பிப் போடப் பலர் மெனக்கெடவில்லை. அச்சான படத்தை இன்னொருவர் பார்த்து நகல் செதுக்கினால் அது மறுபடியும் புரளும்.

தோழி அனுப்பிய படத்தில் இருப்பவன் காயுஸ் மூசியுஸ். கதையை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தன் ரோம வரலாற்றின் இரண்டாம் நூலில் சொல்கிறார். எத்ருஸ்கன் அரசன் போர்சென்னா ரோமை முற்றுகையிட்டிருக்கிறான். அவனைக் கொல்ல மூசியுஸ் தன்னந்தனியாகப் பகைவரின் பாசறைக்குள் நுழைகிறான். அன்றைக்குப் பார்த்துப் படைவீரர்களுக்குச் சம்பள நாள்! அரசனும் அவனுடைய எழுத்தரும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் வாங்க வந்த கூட்டம் மொய்ப்பது எழுத்தரைத்தான். யார் அரசன் என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஊகத்தில் குத்துகிறான். செத்தது எழுத்தர். படத்தில் கீழே கிடக்கும் பிணம் அந்தப் பாவப்பட்ட மனிதர்தான்.

பிடிபட்ட மூசியுஸ் தன் வலக்கையை எரியும் நெருப்பில் வைத்துக் கருகவிடுகிறான். அரசன் மிரண்டுபோய் அவனை விடுவிக்கிறான். வலக்கை போனதால் அவனுக்கு ஸ்கேவோலா, அதாவது இடக்கையன் என்று பெயர் வருகிறது. ஆக, படத்தில் நெருப்பில் இருப்பது வலக்கையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கதையே நிற்காது.

தோழி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இடக்கை.” காவலர்கள் எந்தக் கையில் ஈட்டி பிடித்திருக்கிறார்கள் என்றேன். எல்லாரும் இடக்கையில். வரைந்தவரே மறந்திருக்கவும் கூடும். ஆனால் ஒரு பாசறை முழுவதும் இடக்கைக்காரர்களாக இருந்தால் படம் புரண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிவரியை யாரோ வெட்டிவிட்டதால் செதுக்கியவர் பெயர் கிடைக்கவில்லை.

5. யார் என்று கையைக் கேளுங்கள்

வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோமானியத் தெய்வங்களும் அப்படித்தான். கழுகு அருகில் இருந்தால் ஜூபிடர், மயில் இருந்தால் ஜூனோ, இறக்கை வைத்த தொப்பியும் இரண்டு பாம்பு சுற்றிய கோலும் மெர்குரி, நெற்றியில் பிறை டயானா, சிங்கத்தோலும் கதாயுதமும் ஹெர்குலிஸ். திரிசூலத்தைப் பார்த்ததும் சிவன் நினைவுக்கு வருவார், இங்கே அது கடல் தெய்வம் நெப்டியூனுடையது. தண்ணீர் வழியும் குடத்தில் சாய்ந்து படுத்திருக்கும் தாடிக்காரர் ஒரு நதி. பக்கத்தில் பெண் ஓநாய் இருந்தால் ரோமின் டைபர் நதி.

பெண் ஒருத்தி சாகப் போகிறாளா? கையில் குறுவாள் என்றால் லுக்ரேசியா, பாம்பு என்றால் கிளியோபாட்ரா.

இப்போது ‘பாரிஸின் தீர்ப்பு’ படத்தைத் திறங்கள். ரஃபாயேல் யோசித்து, 1510-க்கும் 1520-க்கும் இடையில் மார்க்கந்தோனியோ செதுக்கியது. மூன்று தேவியரில் யார் அழகி என்று டிராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்புச் சொல்லி ஆப்பிளைக் கொடுக்கிறான். வாங்குகிறவள் வீனஸ், கூடவே சின்னப் பையன் குபிட். மயிலோடு இருப்பவள் ஜூனோ. மூன்றாமவள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடையைச் சரிசெய்கிறாள், முகமே சரியாகத் தெரியாது. அவள் காலடியில் கழற்றி வைத்த தலைக்கவசமும் கேடயமும் கிடக்கின்றன. மினர்வா! முகத்தை நம்பியிருந்தால் இவளைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

படத்திலேயே ஒரு லத்தீன் வரி இருக்கிறது. அழகுக்கு முன்னால் அறிவும் வீரமும் அரசும் பொன்னும் அற்பம் என்பது அதன் பொருள். மற்ற இரண்டு தேவியர் பாரிஸுக்குக் காட்டிய ஆசைகளை எண்ணிக் கேலி செய்வது போல எனக்குப் படுகிறது.

வலது கீழ் மூலைக்கு வாருங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் நதித் தெய்வங்களும் நீர்த்தேவதையும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பாரிஸ் நகரத்தை 1863-இல் அதிரவைத்த, பிரெஞ்சு ஓவியர் மானேயின் ‘புல்வெளி விருந்து’ ஓவியத்தில் உட்கார்ந்திருக்கும் மூவரின் நிலையும் இங்கிருந்து எடுத்ததுதான்.

6. கதை எந்த நூலில் இருக்கிறது என்று பாருங்கள்

கவசமும் பாலமும் செனட்டும் வந்தால் பெரும்பாலும் லிவி. மனிதர்கள் மரமாகவோ மானாகவோ மாறிக்கொண்டிருந்தால் ரோமானியக் கவிஞர் ஓவிட். எரியும் ஊரிலிருந்து ஒருவன் வயதான அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் அவன் இன்னொரு ரோமானியக் கவிஞரான வர்ஜிலின் காவிய நாயகன் ஐனேயஸ்.

வர்ஜிலுக்கு மார்க்கந்தோனியோவின் இன்னொரு படத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் ‘குவோஸ் எகோ’. நடுவில் பெரிய கட்டம், சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்கள், கிட்டத்தட்ட ஒரு பக்கச் சித்திரக்கதை. ஜூனோவின் தூண்டுதலால் காற்றுகள் கிளம்பி ஐனேயஸின் கப்பல்களைச் சிதறடிக்கின்றன. கடலுக்கடியிலிருந்து எழுந்து வரும் நெப்டியூன் காற்றுகளைப் பார்த்து, “உங்களை நான்...” என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் அலைகளை அடக்கப் போய்விடுகிறார். அந்த அரை வாக்கியம்தான் படத்தின் பெயர். அடுப்படியில் அம்மா கரண்டியை ஓங்கி, “இரு, உன்னை...” என்று பாதியில் விடுவாளே, அதே தொனி. மீதியைக் கேட்கிறவர் பயத்தோடு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

7. இது மூலமா, நகலா?

ஒரு செப்புத்தகடு பல தலைமுறை உழைக்கும். அச்சடிக்க அடிக்கக் கோடு தேயும், கறுப்பு சாம்பலாகும். யாராவது உளியை எடுத்துக் கோடுகளை மறுபடி ஆழப்படுத்துவார்கள், புது முதலாளி தன் பெயரை அடியில் சேர்ப்பார். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை அருகருகே திறந்து, நிழல் பகுதியையும் அடிவரியையும் ஒப்பிடுங்கள். பெயர் கூடியிருப்பது பெரும்பாலும் பிந்தைய பிரதி.

நகலும் அப்போதே சர்வசாதாரணம். மார்க்கந்தோனியோவே, ஜெர்மன் ஓவியர் டியூரரின் மரியாள் வரலாற்று மரச்செதுக்குகளை டியூரரின் முத்திரை எழுத்துகளோடு சேர்த்துச் செம்பில் நகலெடுத்தவர். டியூரர் வெனிஸுக்கே வந்து புகார் சொன்னதாகவும், முத்திரையைப் போடக் கூடாது என்பது மட்டுமே அவருக்குக் கிடைத்த தீர்ப்பு என்றும் அந்தக் காலத்து ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்த வசாரி எழுதுகிறார். படத்தை எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்தை மட்டும் எடுக்கக் கூடாதாம்!

பழகுவதற்கு

மார்க்கந்தோனியோவை விட எளிதான ஆள் வேண்டுமென்றால் பார்த்தொலொமேயோ பினெல்லி. 1781-இல் ரோமில் பிறந்தவர். 1818, 1819 ஆண்டுகளில் ரோம வரலாற்றை எட்சிங் வரிசையாகவே வெளியிட்டார். ஒவ்வொன்றின் அடியிலும் என்ன காட்சி என்று இத்தாலியனில் எழுதியிருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவைக் காட்டினால் போதும், பாதி வேலை முடிந்தது. ஆனால் முதலில் அடிவரியைக் கையால் மறைத்துக்கொண்டு நீங்களே ஊகித்துப் பாருங்கள், அதில்தான் சுவாரசியம்.

நேற்று தோழி இன்னொரு படம் அனுப்பினாள். முழுக் கவசத்தோடு ஒரு வீரன் குதிரையோடு பெரிய பள்ளத்துக்குள் பாய்கிறான். இந்த முறை ஓரம் வெட்டாத படம். கீழே அவளே எழுதியிருந்தாள்: “எட்சிங். அடியில் குர்ஸியோன்னு இருக்கு. ஊருக்காகக் குழியில் குதிச்ச மார்குஸ் குர்தியுஸ்தானே? வாள் வலக்கையில்தான் இருக்கு, பார்த்துட்டேன்.”