தம்பி ஏன் அழுகிறான் என்று யோசிக்கக் குழந்தையைப் பழக்குவது எப்படி

தம்பி கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு, அவன் வீறிட்டு அழுவதைக் கண்டுகொள்ளாமல் விளையாடும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்தால், "உனக்கு மனசே இல்லையா?" என்று கத்தத்தான் தோன்றும். மனசு இருக்கிறது. தன் ஆசையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவர் பக்கமிருந்து பார்க்க வேண்டிய யோசனைத் திறன்தான் இன்னும் முளைவிட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் திட்டி வளர்க்க முடியாது, பேசிப் பேசித்தான் வளர்க்க முடியும்.

முதலில் உங்கள் குழந்தை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சாக்லேட் பெட்டிக்குள் பென்சிலைப் போட்டு மூடி, உள்ளே என்ன என்று கேளுங்கள். "சாக்லேட்" என்று சொல்லும். திறந்து காட்டி, மறுபடி மூடிவிட்டு, "இதைத் திறந்தே பார்க்காத அக்கா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பா?" என்று கேளுங்கள். மூன்று வயதில் பெரும்பாலும் "பென்சில்" என்றே பதில் வரும். நான்கு, நாலரை வயதில் பல குழந்தைகள் "சாக்லேட்" என்று சொல்லிவிடுவார்கள். விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் தொடங்கிவைத்த ஆய்வு வழி இது.

சரி, இப்போது அடுத்த கேள்வி: "பெட்டியக் கையில வாங்கும்போது அக்காவுக்கு சந்தோஷமா இருக்குமா, வருத்தமா இருக்குமா?" அக்கா சாக்லேட் என்றுதான் நினைப்பாள் என்று இப்போதுதான் சரியாகச் சொன்ன குழந்தைகூட, "வருத்தம், உள்ள பென்சில்தானே இருக்கு" என்று சொல்லலாம். நினைப்பைப் புரிந்துகொள்வது முதலில் வருகிறது, அந்த நினைப்பிலிருந்து பிறக்கும் உணர்வைப் புரிந்துகொள்ள இன்னும் ஓரிரு வருடம்கூட ஆகலாம். பெரியவர்கள் பொறுமை இழப்பது இந்த இடைவெளியில்தான்.

அதனால் கேள்விகளின் வரிசையை மாற்றுங்கள். கதை படிக்கும்போது நடுவில் நிறுத்தி, எடுத்ததுமே "அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்காமல், "அவனுக்கு இது தெரியுமா? என்னன்னு நினைச்சிட்டிருக்கான்? அவனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் உணர்வுக்கு வாருங்கள். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், "அவன் அதைப் பார்த்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் "அவனுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடிக்கலாம் என்பது ஒன்றரை வயதிலேயே பிடிபடத் தொடங்கிவிடுகிறது.

ஆசையை அடக்கிப் பழக, பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது, சூரியன் படத்தைக் காட்டினால் "ராத்திரி" என்று சொல்வது போன்ற விளையாட்டுகளைத் தினமும் ஐந்து நிமிடம் விளையாடலாம். இவை மட்டும் போதாது, பேச்சுதான் முக்கியம்.

அழுது புரளும் நேரத்தில் எதுவும் கேட்காதீர்கள். அப்போது யோசிக்க முடியாது, பெரியவர்களாலேயே முடியாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அடங்கின பிறகு பேசலாம். சந்தோஷம், கோபம் என்று நிறுத்திவிடாமல் ஏமாற்றம், பொறாமை, ஏக்கம், வெட்கம் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லுங்கள்.

உங்கள் உணர்வையும் காரணத்தோடு சொல்லுங்கள்: "சாவி தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன், அதான் பதறினேன். பாரு, பையிலயேதான் இருந்திருக்கு."