போட்டிக் கடையைக் கண்காணிக்கக் காசு கட்டுவதற்கு முன்

பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடை வைத்திருக்கும் அக்கா, போட்டிக் கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டார். மாதக் கட்டணம் அமெரிக்க டாலரில். ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு நல்ல புடவையின் விலை! கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

முதலில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆட் லைப்ரரி என்ற விளம்பரத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். இலவசம்தான், ஃபேஸ்புக் கணக்குகூடத் தேவையில்லை. நாட்டை மலேசியா என்று வைத்து, கடையின் பெயரைத் தட்டினால் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் இப்போது ஓடும் அவர்களுடைய விளம்பரங்கள் வரும். நான் கவனிப்பது தொடங்கிய தேதியை. ஒரே விளம்பரத்துக்கு இரண்டு மாதமாகக் காசு போடுகிறார்கள் என்றால், அது அநேகமாக ஆளைக் கூட்டி வருகிறது. புடவை விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் காட்டாது.

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மிரளவும் வேண்டாம். 20,000 பேர் பின்தொடரும் பக்கத்தில் 100 லைக் என்றால் 0.5 சதவீதம், 800 பேர் உள்ள உங்கள் பக்கத்தில் 40 லைக் என்றால் 5 சதவீதம்.

டிக்டாக், யூடியூப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? சரி, அப்போது மெட்ரிகூல், ஹூட்சூட் போன்ற மென்பொருள்களை ஒப்பிடலாம். சோதனைக் காலத்தில் உங்கள் சொந்தக் கணக்கை இணைத்து, இன்ஸ்டகிராமே காட்டும் எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். போட்டியாளரின் பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பது பெரும்பாலும் வெளியாருக்குத் தெரியாது. அப்படி ஓர் எண்ணைக் காட்டினால் அது மதிப்பீடாகத்தான் இருக்கும். இன்னொன்று, மெட்டாவின் பழைய கண்காணிப்புக் கருவியான கிரவுட்டேங்கிளைப் பரிந்துரைக்கும் பட்டியலை நம்பாதீர்கள். அது 2024 ஆகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது.