டல்லாஸ்ல இருந்து எல்.ஏ.க்கு வீடு மாத்துறீங்களா? நான் பண்ண தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணா, ஜூலை கடைசில எல்.ஏ. மூவ் ஆகுறோம், டிரக் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டப்போறேன், ஐ-20 ஹைவே புடிச்சா நேரா ஐ-10 ஹைவே, ரெண்டே நாள்"ன்னான். ரெண்டே நாளாம். அவன் பிளானைக் கேக்க கேக்க, சில வருஷம் முன்னாடி நான் போட்ட பிளானையே எடுத்து வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. டயர்ல காத்து பாரு, பெட்டி மேல பேரெழுதுன்னு எல்லாரும் சொல்றதை நான் சொல்லப்போறதில்ல.

மேப் காட்டுற நேரத்தை நம்புறது

மேப் 20, 21 மணி நேரம்னு காட்டும், அது காருக்கு. லோடு ஏத்தின 26 அடி டிரக் மேட்டுல ஏறும்போது பின்னாடி வர்றவன் எல்லாம் முறைச்சுட்டு தாண்டிப் போவான். டல்லாஸ்ல இருந்து எல் பாஸோவே 630 மைல் சொச்சம், அதாவது டெக்ஸாஸை விட்டு வெளிய வரவே ஒரு நாள் போயிடும். அதனால மூணு நாளா வெச்சுக்கோங்க: முதல் ராத்திரி டெக்ஸாஸ்லயே வான் ஹார்ன், ரெண்டாவது அரிசோனால டூசான், மூணாவது நாள் எல்.ஏ. காலைல நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடணும். டிரக் கேலனுக்கு பத்து மைல் குடுத்தா பெரிய விஷயம், அதனால அரை டேங்க் ஆனதுமே ரொப்பிடுங்க. கலிஃபோர்னியாவுக்குள்ள பெட்ரோல் விலை தலை சுத்தும், கொலராடோ ஆத்தைத் தாண்டுறதுக்கு முன்னாடி அரிசோனா பக்கம் எஹ்ரன்பர்க்லயே ஃபுல் பண்ணிடுங்க.

டிரக் பெட்டிக்குள்ள ஏசி கிடையாது

இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க, தெரியாதான்னு. எனக்கும் தெரியும், தெரிஞ்சும் தான் கோட்டை விட்டேன்.

எங்க வீட்டுல ஒரு வீணை. மாமியார் வாசிச்சது, கல்யாணத்துல சீரோட சீரா என் வைஃபுக்கு வந்துச்சு, பலா மரத்துல செஞ்ச தஞ்சாவூர் வீணை. லோடு ஏத்த வந்த பசங்க "ஃபர்னிச்சர் மாதிரி தான், ப்ளாங்கெட் சுத்தினா போதும்"னாங்க. நானும் அடியில வெச்சா நசுங்கிடுமேன்னு ரொம்ப புத்திசாலித்தனமா சோஃபா மேல பீன் பேக் போட்டு அதுக்கு மேல, கூரைக்கு ஒரு சாண் கீழ, படுக்க வெச்சேன். மூடின பெட்டிக்குள்ள சூடு பூரா மேல தான் போய் நிக்கும், தகரக் கூரை அடுப்புல வெச்ச தோசைக்கல்லு மாதிரி காயும். அதுக்கு நேர் கீழ வீணை.

வீணைல தந்தியை அழுத்துற இடத்துல வரிசையா 24 மெட்டு, அதாவது குறுக்குக் கம்பி, இருக்கும். அதை ஆணி அடிச்சு வெக்கிறதில்ல, தண்டி மேல, அதாவது வீணையோட நீளக் கழுத்து மேல, கருப்பு மெழுகு போட்டு அதுல தான் பதிச்சிருப்பாங்க. மெழுகு. ஜூலை மாச அரிசோனால. ராத்திரி ஃபீனிக்ஸ்ல தெரிஞ்சவங்க வீட்டுல தங்குனோம், அந்த ஊர்ல ராத்திரில கூட 90 டிகிரிக்குக் கீழ இறங்காத நாள் உண்டு, 2023ல தொடர்ந்து 31 நாள் பகல் சூடு 110 டிகிரியைத் தொட்ட ஊரு அது. டிரக்கை தார் ரோட்டுல நிறுத்திட்டு நாங்க உள்ள ஏசில தூங்குனோம்.

எல்.ஏ. வந்து உறையைத் திறந்தா முதல்ல வந்தது வாசனை தான், தேன்மெழுகு வாசனை. அப்புறம் பாத்தா கருப்பு மெழுகு ஒரு பக்கமா வழிஞ்சு பாகு மாதிரி உறைஞ்சு கிடக்கு, மெட்டு எல்லாம் ஆடுற பல்லு மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாஞ்சு நிக்குது, ரெண்டு மூணு கழண்டு உறைக்குள்ளயே விழுந்திருக்கு. என் வைஃப் ஒண்ணும் சொல்லல. மாமியாருக்கு வீடியோ காலே ரெண்டு வாரம் கட்.

திரும்ப மேளம் கட்ட, அதாவது மெட்டை எல்லாம் பதிக்க, ஆள் வேணும். ஒவ்வொரு ஸ்வரமா காதுல கேட்டு மெட்டை நகத்தி நகத்தி வெக்கிற வேலை அது, பசை போட்டு ஒட்டுற வேலை இல்ல. பக்கத்துல ஆள் கிடைக்கல, கடைசில சென்னைக்கு எடுத்துட்டுப் போய் கட்டி எடுத்துட்டு வந்தோம். அதுவரைக்கும் எட்டு மாசம் ஹால் மூலைல பெட்ஷீட் போத்தி நின்னுச்சு.

இதுல எனக்கு இன்னும் எரியுறது எது தெரியுமா? டிரக்குக்குப் பின்னாடியே என் வைஃப் எங்க காரை ஓட்டிட்டு வந்தா, அந்தக் கார் பின் சீட்ல சீட் பெல்ட் போட்டு ஏசில ஜம்முனு வந்தது என்னோட 43 இன்ச் டிவி. அதை இப்ப வித்தா நூறு டாலர் தேறாது.

ஆக வீணை, இன்சுலின் மாதிரி மருந்து, லேப்டாப் எல்லாம் கார்ல. பாடி ஸ்ப்ரே, லைட்டர், சின்ன கேஸ் டப்பா எல்லாம் எதுலயும் ஏத்தாதீங்க, அங்கயே யாருக்காவது குடுத்துட்டுக் கிளம்புங்க. தம்பிகிட்ட இதைச் சொன்னா "எங்ககிட்ட வீணை இல்லையே அண்ணா"ங்கிறான். மிருதங்கம் இருக்காம்! தோலும் வாரும் மட்டும் வெயிலைத் தாங்குமாடா?

பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு) பெட்டிக்குள்ள

நியூ மெக்ஸிகோல பார்டர் பேட்ரோல் செக்பாயிண்ட் வரும். பேப்பர் கையில இருக்கட்டும்.

புழுதிக்குள்ள பார்க்கிங் லைட் போடுறது

நியூ மெக்ஸிகோல லார்ட்ஸ்பர்க் பக்கம் காஞ்ச ஏரி ஒண்ணு, டூசானுக்கும் ஃபீனிக்ஸுக்கும் நடுவுல இன்னொரு இடம், ரெண்டுலயும் மழைக்கால மாசத்துல திடீர்னு புழுதி சுவர் மாதிரி எழும்பி வரும். வந்தா ரோட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்தி, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, பிரேக்ல இருந்து காலை எடுத்துடுங்க. லைட் எரிஞ்சா பின்னாடி வர்றவன் அது தான் ரோடுன்னு நினைச்சு நேரா உங்க மேல வந்து ஏறுவான். நம்ம கை தானா ஹசார்ட் பட்டனுக்குத் தான் போகும், பழகிக்கோங்க.

தண்ணி

ஆளுக்கு ஒரு கேலன், கார்ல தனியா. பேரம் கிடையாது.

கருவேப்பிலைச் செடி

கொலராடோ ஆத்தைத் தாண்டினதும் வர்ற ப்ளைத்ல கலிஃபோர்னியா ஆளுங்க செக் பண்ணுவாங்க, செடி இருக்கா பழம் இருக்கான்னு. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தை எல்லாம் சாகடிக்கிற வியாதியைப் பரப்புற பூச்சி ஒண்ணு கருவேப்பிலைல உக்காரும், அதனால தொட்டியோட விட்டுட்டு வர வேண்டியது தான். நாலு வருஷம் வளத்தோம், அழுதாலும் நடக்காது, ஃப்ரெண்டு வீட்டுல முன்னாடியே குடுத்துடுங்க. டயருக்கு அடியில வெச்சு நசுக்கினது போக டாஷ்போர்டுல ரெண்டு எலுமிச்சம்பழம் மிச்சம் கிடந்துச்சு, அதையும் வாங்கிக்கிட்டாங்க.