மொழி வகுப்பில் பண்பாட்டுக்குத் தனி பீரியட் வேண்டாம்

மதுரை அண்ணா நகரில் மாலை நேரம் ஜப்பானிய மொழி வகுப்பு எடுக்கிறேன். முதல் வருடம் பண்பாட்டுக்கென்று மாதக் கடைசி சனிக்கிழமையை ஒதுக்கி, கிமோனோ, சூஷி என்று படம் காட்டினேன். ரசித்தார்கள். திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது சொல்லோடு சேர்த்தே வழக்கத்தையும் கொடுத்துவிடுகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லும் 'இத்தெகிமாஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பொருள் 'போய்விட்டு வருகிறேன்'. "நம்ம வீட்லயும் 'போறேன்'னு சொன்னா அப்பத்தா திட்டும் சார்!" என்றாள் ஒரு மாணவி. அப்புறம் விளக்கமே தேவைப்படவில்லை. வகுப்பறைக் கதவுதான் வீட்டு வாசல். ஒருவர் கிளம்ப, உள்ளே இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்று வழியனுப்ப வேண்டும். திரும்பி வந்தவர் 'ததாய்மா' என்றால் பதிலுக்கு 'ஒகாயெரி'. ஐந்து நிமிடம் போதும்.

ஜப்பானியர் எல்லாரும் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மதுரைக்காரர் எல்லாரும் தினமும் ஜிகர்தண்டாவா குடிக்கிறோம்?

நம் வழக்கத்தோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் கூடுதல் நேரம் தேவை. அடுத்தவர் பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' என்பதை மாணவர்கள் தங்கள் பெயருக்கும் சேர்த்துவிடுவார்கள். "போனில் 'முருகன் அவர்கள் பேசுகிறேன்' என்பீர்களா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்கிறார்கள். விசிட்டிங் கார்டை அங்கே இரண்டு கையாலும் கொடுத்து வாங்குவார்கள். நம் பிள்ளைகளுக்கோ வலது கை தானாக நீளும். அதற்கு, பையில் கிடக்கும் பழைய பஸ் டிக்கெட்டுகளை வைத்தே பழக்குகிறேன்.