தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி என்ற கிராமத்தில் ராஜாஜி பிறந்த வீடு இருக்கிறது. அரசு அதை நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர், பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். "சின்ன வீடுதான், பார்த்தாச்சு" என்று வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். ஒரு பழைய வீடு தானாக வாய் திறந்து எதையும் சொல்லாது. நாம் கேள்வியோடு போனால்தான் அது பேசும். அந்தக் கேள்விகளைக் கெடுக்கிற சில பழக்கங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ராஜாஜி நினைவிடம் என்று தேடினால் சென்னை கிண்டியில் இருப்பதும் வரும். சென்னையில் இருக்கும் ராஜாஜி ஹால் அவர் வாழ்ந்த வீடே அல்ல. திப்புவை வென்ற நினைவாக வெள்ளைக்காரர்கள் கட்டிய விருந்து மண்டபம் அது, பெயர் பின்னால் வந்தது. தொரப்பள்ளி வீடு அவர் 1878 டிசம்பர் 10ஆம் தேதி பிறந்த இடம். சிறு வயதிலேயே குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. இது ஒரு குழந்தை இருந்த வீடு என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

இதை மறப்பதால்தான் பெரிய குழப்பம் வருகிறது. ராஜாஜி என்றதும் நம் கண்முன் வருவது மொட்டைத் தலை, கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. அந்த முதியவரை அப்படியே கொண்டுபோய் இந்த வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். வேதாரண்யத்தில் உப்புக் காய்ச்சியது 1930ல். கவர்னர் ஜெனரலாக இருந்தது 1948 முதல் 1950 வரை. அதற்கும் இந்தச் சுவர்களுக்கும் இடையில் எத்தனையோ ஊர்களும் வீடுகளும் இருக்கின்றன. வக்கீல் தொழில் நடத்தியதும், நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில். 1925ல் ஆசிரமம் அமைத்தது திருச்செங்கோடு பக்கம். மனைவி அலமேலு மங்கம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டது 1897ல். ஆகவே "இந்த அறையில்தான் அவர் புத்தகம் எழுதினாரா?" என்று பிள்ளை கேட்டால் ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். சுவரில் பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும், அது எந்த வருஷம், எந்த ஊர் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வீட்டின் காலம் வேறு, படத்தின் காலம் வேறு என்பது அதிலேயே பிடிபட்டுவிடும்.

சரி, வீட்டின் காலம்தான் என்ன? எனக்கு இந்த இடத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் விடுவதும் இதைத்தான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கியது தாது வருஷப் பஞ்சம். அன்று ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாமே சேலம் ஜில்லா. 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்து வருஷத்தில் கூட வேண்டிய எண்ணிக்கை குறைந்தது என்றால் எத்தனை சாவு, எத்தனை பேர் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பஞ்சம் ஓய்ந்த கையோடு இந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கிறது. மூன்றாவது மகன். நோஞ்சான் குழந்தை, தங்குமா தங்காதா என்று பெற்றோருக்குக் கவலை. அந்தக் குழந்தை 94 வயது வரை இருந்தது, 1972 டிசம்பர் 25 வரைக்கும்.

அந்தக் கவலையைச் சுமந்தவர் சிங்காரம்மா. ராஜாஜியின் அம்மா. நினைவு இல்லங்களுக்குப் போகிறவர்கள் ஒருவர் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்க அந்த வீட்டில் இருந்தது அம்மாதான். அடுப்பு எங்கே இருந்திருக்கும், தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும், பிரசவம் எந்த அறையில் நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், வீட்டை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார் தொரப்பள்ளியின் முன்சீப். கிராம முன்சீப் என்றால் வரி வசூல் அவர் பொறுப்பு, சின்னத் தகராறுகளைத் தீர்ப்பது அவர், ஊர் நிலவரத்தை மேலே சொல்வதும் அவர். விளைச்சல் இல்லாத காலத்தில் வரி கேட்கும் வேலை எப்படிப்பட்டது! கிஸ்தி கட்ட முடியாத குடியானவர்கள் இந்த வாசலில்தான் வந்து நின்றிருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் முதலில் பார்த்த அரசாங்கம் அப்பாவின் கணக்குப் புத்தகமாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

வாசலைப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் பேச வேண்டும். இது அக்ரஹாரத்து வீடு. அந்தக் காலத்து அக்ரஹாரத்தில் யார் திண்ணை வரை வரலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதெல்லாம் பிறப்பை வைத்து முடிவாகியிருந்தது. நிலத்தில் உழுதவர்கள், மாட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், துணி வெளுத்தவர்கள் இல்லாமல் எந்தக் கிராமத்து வீடும் நடந்திருக்காது. அவர்கள் படம் எந்தச் சுவரிலும் இருக்காது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதை நான் தவறு என்றுதான் சொல்வேன். சொன்னால்தான், இப்படி ஒரு தெருவில் பிறந்தவர் 1933ல் தன் மகள் லட்சுமியைக் காந்தியின் மகன் தேவதாஸுக்குக் கல்யாணம் செய்து கொடுத்ததும், 1939ல் அவர் அரசு ஒடுக்கப்பட்ட மக்களின் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்ததும் எவ்வளவு தூரம் நடந்த நடை என்று புரியும்.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். நினைவு இல்லம் என்பது பெருமைக்காக எழுப்புவது, அங்கே விமரிசனத்தைத் தேட முடியாது. 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது ராஜாஜியின் அரசு. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939ல் உயிரிழந்தார்கள். 1953ல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை, பள்ளி நேரம் போக மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் பழகச் சொன்னதால், குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள், அடுத்த வருஷமே முதலமைச்சர் பதவியைவிட்டு விலகினார். கும்பிடுவதற்கென்றே போகிறவர் இதைக் காதில் வாங்க மாட்டார். திட்டுவதற்கென்றே போகிறவர் 1937ல் இதே சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியதைக் காதில் வாங்க மாட்டார். இரண்டு பேரும் வீட்டைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். வீட்டுக்குப் போவதற்கு முன்பும், போய் வந்த பிறகும் கொஞ்சம் படியுங்கள், இரு தரப்பும் எழுதியதைப் படியுங்கள்.

மாவட்டப் பெயர் விஷயத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு நூலில் சேலம் மாவட்டம் என்று இருக்கும், இன்னொன்றில் தர்மபுரி, வேறொன்றில் கிருஷ்ணகிரி. எதுவும் பிழையில்லை. 1965ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

வீட்டைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஊருக்குள் ஒரு நடை போங்கள். ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சரளமாகப் புழங்கும். பெரியவர்களிடம் பேசும்போது அவர்களுக்கு எது வசதியோ அதில் பேச விடுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். வணக்கம் சொல்லி, "ஐயா, உங்க தாத்தா காலத்துல இந்தத் தெரு எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தால் போதும். அவர்கள் சொல்வது எல்லாமே சரித்திரம் என்று அப்படியே எழுதிக்கொள்ளவும் வேண்டாம். தேதியைப் புத்தகத்தில் சரிபாருங்கள். வாழ்ந்த விதத்தை அவர்களிடம் கேளுங்கள். அப்புறம், ஓசூரில் அவர் படித்த ஆர்.வி. அரசுப் பள்ளியையும் பாருங்கள். அங்கிருந்து அவர் மேல்படிப்புக்குப் போனது பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர், சென்னையோ 300 கிலோமீட்டருக்கு மேல். எல்லையோரத்துப் பிள்ளைகள் இன்றும் போகிற வழிதான் அது.

உள்ளே இருக்கும்போது தூணில் சாயாதீர்கள், சுவரைத் தடவாதீர்கள். கை எண்ணெயும் வியர்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து மரத்தையும் சுண்ணாம்புப் பூச்சையும் கெடுக்கும். பழைய காகிதம், புகைப்படம் எதற்கும் ஃபிளாஷ் வேண்டாம், வெளிச்சம் செய்யும் சேதம் திரும்பிச் சரியாகாது. சுவரில் பெயர் கிறுக்கும் பிள்ளையைப் பார்த்தால், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் தடுங்கள். டிசம்பர் 10 அன்று மாலையும் மரியாதையுமாகக் கூட்டம் இருக்கும், நிதானமாகப் பார்க்க வேறு நாள் பாருங்கள். அரசு விடுமுறை நாளென்றால் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போகிறவர்கள் தலைகீழான தவறு செய்கிறார்கள். அவரை அந்த ஊர்க்காரர் என்றே நினைத்துவிடுகிறார்கள். சிவா 1884ல் பிறந்தது வத்தலக்குண்டில். 1908ல் வ.உ.சி.யோடு கைதாகி, சிறையில் தொழுநோய் பற்றி, உடம்பு முழுக்கப் புண்ணோடு ஊர் ஊராக நடந்தவர். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்டும் ஆசையோடு இங்கே ஆசிரமம் அமைத்தார். 1923ல் வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23ல் சிவா இங்கேயே காலமானார். தொரப்பள்ளியில் "இங்கிருந்து எங்கே போனார்?" என்று கேட்க வேண்டும். பாப்பாரப்பட்டியில் "எங்கெங்கோ அலைந்தவர் ஏன் இங்கே வந்து நின்றார், நோயாளியான அவருக்கு இந்த ஊரில் யார் சோறு போட்டார்கள்?" என்று கேளுங்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் பாப்பாரப்பட்டிக்குப் போய்விடலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். அப்படிப் போனால் இரண்டு இடத்திலும் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைக்கும்.