புது மின்சாரக் காரில் கோளாறு, "ஒன்றுமில்லை" என்கிறது சர்வீஸ் சென்டர்: மலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கார் வாங்கி ஐந்தாவது வாரம். அம்மாவைக் கோவையில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குஞ்சப்பனை தாண்டிய ஏற்றத்தில் 41 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே திரையில் ஆமைச் சின்னம் (வண்டியின் சக்தி குறைக்கப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை) வந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. முன்னால் மூடுபனி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே அரசுப் பஸ், பக்கத்து சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி அம்மா. அன்று வந்த பயத்தை இன்னும் மறக்கவில்லை.

அது சரியாவதற்கு ஏழு மாதம் ஆனது. ஐந்து முறை வண்டியைக் கீழே இறக்கினேன். நான்கு முறை "டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு மேடம், ஒண்ணுமில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். எங்கே தவறினேன், எது வேலை செய்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். கம்பெனி பெயரையும் ஷோரூம் பெயரையும் சொல்லப்போவதில்லை. எந்தக் கம்பெனி வண்டி வைத்திருந்தாலும் வழி ஒன்றுதான்.

1. முதலில் அது கோளாறுதானா என்று பாருங்கள்

மலையில் ஓட்டும்போது சில விஷயங்கள் கோளாறு போலவே தெரியும். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து 1,500 மீட்டர் மேலே ஏற வேண்டும் என்றால், அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 30 யூனிட் பேட்டரியில் கால் பங்கு அதிலேயே போய்விடும். சாலையில் உருளுவதற்கான செலவு தனி. ஆகவே "33 கிலோமீட்டருக்கே இவ்வளவு குறைகிறதே" என்பதை மட்டும் வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

இன்னொன்று, வீட்டில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு உடனே மலை இறங்கினால் ரீஜென் பிரேக் (இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும் முறை) பிடிக்காது. நிறைந்த பேட்டரியில் திரும்ப ஏற்ற இடம் இல்லை, அவ்வளவுதான். இறங்கும் நாளில் 80, 85 சதவீதத்தோடு கிளம்புங்கள். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் பேட்டரி குளிர்ந்திருக்கும்போதும் ரீஜென் குறையும், சார்ஜ் மெதுவாக ஏறும். அதுவும் இயல்புதான்.

ஆனால் 41 சதவீதத்தில் வண்டி இழுக்காமல் போவது இயல்பு கிடையாது. சார்ஜ் காட்டும் எண் சட்டென்று 30லிருந்து 12க்கு விழுவது, ஓடும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்து ஆஃப் செய்து போட்டால் மறைவது, 12 வோல்ட் சின்ன பேட்டரி அடிக்கடி செத்துப்போவது, இவையெல்லாம் கேட்க வேண்டிய கோளாறுகள்.

2. ஆதாரம் சேர்த்தல்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், ஓடிய கிலோமீட்டர், சார்ஜ் சதவீதம், எத்தனை பேர் இருந்தோம், ஏற்றமா இறக்கமா, என்ன நடந்தது. ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. பக்கத்தில் இருப்பவர் டிஸ்ப்ளேயை வீடியோ எடுக்கட்டும், ஓட்டுபவர் எடுக்க வேண்டாம். வீடியோவில் ஓடோமீட்டரும் வெளியே சாலையும் தெரிய வேண்டும். வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், அசல் ஃபைலை அப்படியே போனில் வைத்திருங்கள்.

கோளாறைப் போனில் காட்டும் என்று ஆன்லைனில் விற்கும் புளூடூத் ஸ்கேனரை வாங்கி வண்டியில் செருகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், வாரண்டி காலத்தில் வேண்டவே வேண்டாம். "நீங்கள் செருகிய கருவியால்தான் கோளாறு" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிடுவோம். டேஷ்கேம் நல்லது. மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்க உதவும்.

3. ஜாப் கார்டு

நான் மூன்று மாதம் இழந்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் முறை போனபோது நடந்ததையெல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் வாயால் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே டைப் செய்தார். "மலையில எல்லா வண்டியும் அப்படித்தான் மேடம். வீட்டுல சார் இருந்தா ஒரு தடவை பேசச் சொல்லுங்க" என்றார். வண்டியை ஓட்டுவது நான், பணம் கட்டியது நான், என்னிடமே பேசுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது நம் புகாரையும் செய்ய வேண்டிய வேலையையும் பதிவு செய்யும் தாளில், இருந்தது ஒரே வரி: "ஜெனரல் செக்அப்". என் புகார் எங்கேயும் இல்லை. இரண்டாவது முறையும் அதேதான், கூடவே வாட்டர் வாஷ்.

பிறகு கம்பெனிக்கு எழுதியபோது, "உங்கள் வண்டி இரண்டு முறை வழக்கமான பரிசோதனைக்கு வந்துள்ளது, புகார் எதுவும் பதிவாகவில்லை" என்று பதில் வந்தது. அவர்கள் கணினியில் இருந்ததைத்தான் சொன்னார்கள். ஜாப் கார்டில் இல்லாத புகார் அவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

ஆகவே வண்டியை விடும்போது ஜாப் கார்டை முழுக்கப் படியுங்கள். உங்கள் சொற்களில், எண்களோடு இருக்க வேண்டும். நான் எழுத வைத்தது இது: "41 சதவீத சார்ஜில், குஞ்சப்பனைக்கு மேல் ஏற்றத்தில், வேகம் 15 கி.மீ.க்குக் குறைந்து ஆமைச் சின்னம் வருகிறது. இதுவரை நான்கு முறை." சிஸ்டத்தில் அவ்வளவு எழுத இடமில்லை என்றால், பிரிண்ட் எடுக்கச் சொல்லிக் கையால் எழுதி, அவர் கையெழுத்தும் சீலும் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

வண்டியை எடுக்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. "ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க மேடம்" என்பார்கள். எங்கள் ஷோரூமில் அந்த ஓ.டி.பி.யைச் சொன்னால் "வேலை திருப்தி" என்று ஜாப் கார்டை மூடிவிடுகிறார்கள். முதலில் க்ளோசிங் பேப்பரைக் கேளுங்கள். "குறை இல்லை" என்று இருந்தால், "குறை தீரவில்லை, சம்மதமின்றி வண்டியைப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதே வாசகத்தை அன்று மாலையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, எங்கே ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் வண்டியை நான்கு முறையும் கோவை அவிநாசி ரோட்டில்தான் ஓட்டியிருக்கிறார்கள். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 4, 5 கிலோவாட் போதும். நம் சாலையில் அதே வேகத்தில் ஏற 20 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். லேசான சுமையில் தெரியாத பலவீனம் பெரிய சுமையில்தான் வெளியே வரும். ஐந்தாவது முறை, "கல்லாறு தாண்டி ஏற்றத்தில், நான் உடன் இருக்க, லேப்டாப் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதினேன். அனுப்பிய டெக்னீஷியன் தம்பி நல்ல பையன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே திரையைக் காட்டினார். வரிசையில் மற்ற செல்கள் எல்லாம் சமமாக நிற்க, ஒரே ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. தொடராக இணைத்த பேட்டரியில் மிகப் பலவீனமான செல்தான் எல்லையைத் தீர்மானிக்கும். அதைக் காப்பாற்ற பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவி மொத்த வண்டியின் சக்தியையும் குறைத்துவிடுகிறது. இத்தனை மாதக் குழப்பத்துக்கு விடை அங்கே கிடைத்தது.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை, செல் வோல்டேஜ் பக்கத்தோடு, உங்கள் முன்னாலேயே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

4. கம்பெனிக்கு எழுதுதல், 1915

போனில் பேசியதற்கு மதிப்பில்லை. பேசினாலும், "இன்று காலை 11 மணிக்கு நீங்கள் சொன்னது இது" என்று உடனே மின்னஞ்சல் போடுங்கள். ஷோரூம், கம்பெனி இரண்டு பேருக்கும் ஒரே மின்னஞ்சல் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். என் புகார் "வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு தீர்த்தாகிவிட்டது" என்று மூடப்பட்டது. யாரும் தொடர்புகொள்ளவில்லை. ஆனாலும் அந்தப் பதிவு எண் பிறகு உதவியது, அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

5. நோட்டீஸ், ஆணையம்

15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

கம்பெனி சென்னையிலோ மும்பையிலோ இருக்கட்டும், கோவையில்தான் வண்டி வாங்கியிருக்கட்டும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி இது. நமக்கு ஊட்டி. செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே போதும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நான் கட்டியது 400. வக்கீல் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை தோன்றி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எதிர்த்தரப்பாக விற்ற ஷோரூம், தயாரித்த கம்பெனி இரண்டையும் சேருங்கள். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: பேட்டரியை மாற்றித் தருவது, இல்லையென்றால் வண்டியை மாற்றுவது, அதுவும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவது, கூடவே வண்டி ஏற்றி இறக்கிய செலவு, அலைச்சலுக்கு நஷ்டஈடு. ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும், மேலே 15 நாள்தான் நீட்டிக்க முடியும். தொழில்நுட்பக் குறையை நிரூபிக்க வண்டியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் மனுச் செய்யலாம். அந்தச் செலவை முதலில் நம்மையே கட்டச் சொல்லலாம், அதற்குத் தயாராக இருங்கள். வீடியோ, மின்னஞ்சல் பிரிண்ட் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைத்துவிடுங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு இப்போது இதுதான்.

வண்டி ஓடவில்லையே என்று கடன் தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை, கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர்தான்.

6. சமாதானத்துக்கு வந்தால்

எனக்கு முதல் விசாரணைக்கு முன்பே கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேட்டரியை முழுசாக மாற்றித் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். நான் முதலில் எழுத்தில் கேட்டேன்: புது பேட்டரியின் சீரியல் எண், அதற்கு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து, டோயிங் செலவு எப்போது வரும். பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறார்கள். மாற்றிய பேட்டரிக்குப் பழைய வாரண்டியின் மிச்சம்தான் என்று சிலர் சொல்வார்கள், அதனால் அதையும் எழுதி வாங்கினேன். ஒப்பந்தத்தை ஆணையத்தின் முன் பதிவு செய்த பிறகுதான் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அம்மாவோடு பன்னிரண்டு முறை மலை ஏறியிருக்கிறேன். ஆமை வரவில்லை.

பின்னூட்டங்கள் பார்த்துச் சேர்த்தவை

கூடலூர்ப் பக்கம் ஒருவருக்கு இரவில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது, ஷோரூம் வீட்டு ஒயரிங்கைக் குற்றம் சொல்கிறது. அவர் விஷயத்தில் அது உண்மைதான். பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைப்பதில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள், சில வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. புகார் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துச் சான்று வாங்கிவிட்டால் அந்தச் சாக்கு அவர்களுக்கு இல்லை.

எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி வைத்திருப்பவர்களிடம், "நீங்க ஃபுல் சார்ஜ் போடலை, அதான் எண் தப்பாக் காட்டுது" என்பார்கள். கையேட்டில் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று இருக்கிறதோ அப்படி 100 வரை ஏற்றுங்கள், மறுநாள் மலை இறங்காத நாளாகப் பார்த்து.

ரிப்பேர் நாட்களுக்கு ஷோரூம் தந்த கோவைப் பதிவு எண் காரோடு செக்போஸ்டில் நின்றேன். நீலகிரிப் பதிவான டி.என். 43 இல்லாததால், வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர வாங்க வேண்டிய இ-பாஸைக் கேட்டார்கள். மாற்று வண்டி எடுக்கும்போதே பாஸ் போட்டுவிடுங்கள்.

டோயிங் பற்றிக் குன்னூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்கள். கயிறு கட்டியோ, மோட்டார் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள விட்டோ இழுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, மோட்டார் பழுதாகும். பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று போன் செய்யும்போதே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர், வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று ஷோரூமில் சொன்னதாக எழுதியிருந்தார். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய வண்டி வணிக நோக்கத்தில் சேராது, சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. புகார் மனுவின் இரண்டாவது பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள் அண்ணா.

நோட்டீஸை முன்பெல்லாம் பதிவுத் தபாலில் அனுப்புவார்கள். 2025இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஒப்புகையோடு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள், ரசீதைப் போட்டோ எடுங்கள். அந்த மையும் ஆறு மாதத்தில் மங்கிவிடுகிறது.