நொச்சி இலைக்கிழி: முட்டி வலிக்கு ஒத்தடம்

நாள்பட்ட முட்டி வலி, காலையில் எழுந்தால் விறைப்பு, லேசான வீக்கம். இவற்றுக்கு நொச்சி இலைக்கிழி, அதாவது வறுத்த நொச்சி இலையைத் துணியில் கட்டிய சூடான மூட்டை, நல்ல சுகம் தரும். ஆயுர்வேதத்தில் செடிக்கு நிர்குண்டி என்றும், இந்த ஒத்தடத்துக்குப் பத்ர பிண்ட ஸ்வேதம் என்றும் பெயர். ஆனால் முட்டி சிவந்து கொதித்தாலோ, அடிபட்டு இரண்டு நாள் ஆகாவிட்டாலோ, கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவீக்கம்) கிளம்பியிருந்தாலோ சூடு வைக்காதீர்கள். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கம் இன்னும் ஏறும்.

நொச்சிக்கு ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து ஒல்லி இலைகள். அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. கசக்கினால் காட்டமாக மணக்கும். கோலாலம்பூர் வீடுகளில் வேலிக்கு வைக்கும், அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் செடி அதன் உறவான நீர்நொச்சி. டெங்கிக்குப் புகையடித்த இடத்திலும் களைக்கொல்லி தெளித்த ஓரத்திலும் பறிக்க வேண்டாம். பென்சில் தடிமன் தண்டை வெட்டி, வெயில் படும் பால்கனியில் தொட்டியில் நட்டால் வீட்டிலேயே வளரும்.

கழுவிய இலையைத் துணியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஈரம் போக உலர்த்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஈர இலை எண்ணெயில் தெறிக்கும். கிழிக்குள் ஆவியாகித் தோலைச் சுட்டுவிடும்.

நறுக்கிய இலை 4 கைப்பிடி, தேங்காய்த் துருவல் 1 கைப்பிடி, வட்டமாக அரிந்த எலுமிச்சை 1, கல்லுப்பு 1 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. குவாலியில் (வாணலியில்) எண்ணெய் காய்ந்ததும் தேங்காயை இளம்பொன்னிறமாக வறுத்து, எலுமிச்சை, பிறகு இலை போடுங்கள். சிறுதீயில் இலை சுருண்டு நீர் வற்றியதும் மஞ்சளும் உப்பும் சேர்த்து இறக்குங்கள். மஞ்சளை முதலிலேயே போட்டால் கருகிவிடும்.

பழைய பருத்தி வேட்டியில் 45 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு கிழித்து, கலவையைப் பாதிப்பாதியாக வைத்து, கைப்பிடிக்குத் துணி மிஞ்சும்படி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பாலியெஸ்டர் சூட்டில் உருகும், ஆகாது. ஒரு கிழி முட்டியில் இருக்கும்போது மற்றது குவாலியில் சூடாகட்டும், அதற்குத்தான் இரண்டு.

முட்டியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சூடான கிழியை முதலில் உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணும்வரை தாங்கினால்தான் முட்டிக்கு. ஆரம்பத்தில் லேசாக ஒற்றி ஒற்றி எடுங்கள். சூடு தணியத் தணிய வட்டமாக அழுத்தித் தேயுங்கள். 15 முதல் 20 நிமிடம் போதும். முடித்ததும் நேராக ஏர்கோன் அறைக்குள் போகாதீர்கள்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குக் கால் மரத்திருந்தால் சூடு உறைக்காது, கொப்புளம் வந்தபிறகே தெரியும்; அவர்களுக்கு இது வேண்டாம். புண், சொறி உள்ள இடத்திலும் கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை திடீரென வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நம்மூர் புழுக்கத்தில் தேங்காய் சீக்கிரம் புளித்துவிடும், கிழியை அன்றே எறிந்துவிடுங்கள். இலை கிடைக்காமல் பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நொச்சித் தைலம் வாங்கினால், ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் ‘டி’ (T) எழுத்து வரும் மலேசியச் சுகாதார அமைச்சின் பதிவு எண் பாட்டிலில் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத மூட்டுவலி மாத்திரையை யார் சொன்னாலும் விழுங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது.